முகம் மாறியதும் பேனா மாறியதும்

இலக்கியக் கட்டுரைகளுக்கென ஒதுக்கப்பட்ட இம்மலரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைப் பற்றி எழுதப் புகுவது அன்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர் நகையையே முதலில் வைத்தார் என்பதையும், அந்நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலுக்கே முதலிடம் தந்தார் என்பதையும் மட்டும் நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறோம். எள்ளல் எந்த நாட்டில், எந்த மொழியில் நடந்தாலும் அது இலக்கியம் பயில்வோரின் ஆராய்ச்சிக்கு உரியதே.

நாம் எடுத்துக்கொண்ட நிகழ்ச்சி ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்பது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் நியூயார்க் நகரில், என்.பி.சி. நிறுவனத்தின் 8எச் என்னும் அரங்கிலிருந்து முதன்முதலாக ஒளிபரப்பாயிற்று. 2025ஆம் ஆண்டில் ஐம்பது பருவங்களை நிறைவு செய்தது. சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் நடக்கும். சிறுசிறு துணுக்கு நாடகங்கள், நடுவே செய்தி வாசிப்பைப் பகடி செய்யும் ஒரு பகுதி, இசை, வாரம் ஒரு விருந்தினர் என்பது அதன் அமைப்பு. முன்பே பதிவு செய்து வெட்டி ஒட்டும் வழக்கம் இன்றி, பெரும்பகுதி நேரடியாகவே நடிக்கப்பெறுகிறது.

நம் இல்லத்தில் இந்நிகழ்ச்சி நுழைந்தது கல்லூரியில் பயிலும் மகளின் கைப்பேசி வழியாக. யூடியூபில் அவள் துண்டு துண்டாகப் பார்ப்பாள், சிரிப்பாள், பின்னர், “இவங்க எல்லாம் போயிட்டாங்கப்பா, இனிமே பழைய மாதிரி இருக்காது” என்று வருந்துவாள். 2022ஆம் ஆண்டில் கேட் மெக்கின்னன், ஏடி பிரையன்ட், பீட் டேவிட்ஸன் முதலாக எண்மர் ஒருசேர விலகியபோது வீட்டில் ஏதோ துக்கம் நேர்ந்தாற்போல் இருந்தது. இதே வருத்தத்தை 1976இல் வேறு யாரோ ஒரு பெண் தன் தந்தையிடம் சொல்லியிருப்பாள் அல்லவா என்ற எண்ணம் நமக்கு எழுந்தது. அலுவலகப் பழக்கம் எளிதில் விடுவதில்லை. கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, இடப்பக்கம் நடிகர்களின் வரவும் செலவும், வலப்பக்கம் எழுத்தாளர்களின் வரவும் செலவும் எனப் பருவவாரியாகப் பதியத் தொடங்கினோம். அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

பதியப் பதிய ஒன்று புலனாயிற்று. இடப்பக்கத்தில் பெரும்புயல் வீசிய ஆண்டுகள் சிலவற்றில் நிகழ்ச்சி ஆடாமல் அசையாமல் நின்றிருக்கிறது. வலப்பக்கம் காலியான ஆண்டிலோ, இடப்பக்கத்தில் திறமைக்குக் குறைவில்லாதபோதும், ஏறத்தாழ உயிரை விட்டிருக்கிறது.

முதல் நாளின் முதல் நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் கற்கவந்த குடியேறி ஒருவன் ஆசிரியர் முன் அமர்ந்திருக்கிறான். ஆசிரியர் சொல்லும் வாக்கியங்களை அப்படியே திருப்பிச் சொல்வது பாடம். வாக்கியங்களோ வுல்வரின் என்னும் கொடிய விலங்கைப் பற்றிய, எந்தக் கடையிலும் எந்தப் பேருந்திலும் பயன்படாத வாக்கியங்கள். மாணவன் மிகுந்த பணிவோடு ஒப்பிக்கிறான். திடீரென ஆசிரியருக்கு மாரடைப்பு வருகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறார். மாணவன் ஒருகணம் தயங்கிவிட்டு, அதுவும் பாடமே எனக் கருதித் தானும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறான். வேற்று மாநிலத்துக்கு வந்து கடைக்காரர் சொன்னதைத் திருப்பிச் சொல்லியே இந்தி கற்ற நம்போன்றோருக்கு இந்நாடகத்தின் சிரிப்பில் ஒரு முள் இருக்கிறது. மாணவனாக நடித்தவர் ஜான் பெலூஷி; அவரை உலகம் அறியும். ஆசிரியராக நடித்தவர் மைக்கேல் ஓடானஹ்யூ. அவரே எழுத்தாளர். முதல் காட்சியிலேயே எழுதுகிறவரும் நடிக்கிறவரும் எதிரெதிரே நாற்காலியில் அமர்ந்திருந்தார்கள். எழுதுகிறவர் முதலில் விழுந்தார். நடிகர் பின்னால் விழுந்தார். பின்வந்த ஐம்பது ஆண்டு வரலாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுரை கிடைக்காது.

இங்கே எழுத்துப்பணி நடைபெறும் முறையைச் சிறிது கூறவேண்டும். திங்கட்கிழமை எல்லோரும் தயாரிப்பாளர் அறையில் விருந்தினரைச் சூழ்ந்து அமர்ந்து கருத்துகளைச் சொல்வார்கள். செவ்வாய் இரவு விடிய விடிய எழுதுவார்கள். புதன்கிழமை ஏறத்தாழ நாற்பது நாடகங்கள் உரக்க வாசிக்கப்பெறும். அவற்றுள் சிலவே தேறும். பிறகு இரண்டு நாள் அரங்க அமைப்பும் பயிற்சியும். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பார்வையாளர் முன்னிலையில் முழு ஒத்திகை. அங்கே சிரிப்பு எழாதவை நீக்கப்படும். எஞ்சியவை பதினொன்றரைக்கு ஒளிபரப்பாகும். கடைசி நிமிடம் வரை வசனம் மாறுவதால், நடிகர்கள் அட்டைகளில் கையால் எழுதிப் பிடிக்கப்படும் வரிகளைப் பார்த்தே பேசுகிறார்கள். கணினி யுகத்திலும் அந்த அட்டைகள் போகவில்லை. ஒரு கோப்பு மேசைவிட்டு மேசை நகர ஆறு மாதம் ஆவதைக் கண்ட நமக்கு, ஆறே நாளில் நாற்பது ஆக்கங்கள் பிறந்து முக்கால்வாசி மாண்டும் போகிற இந்த வேகம் மலைப்பையே தருகிறது. நீக்கப்பட்ட நாடகத்தை எழுதியவர் அடுத்த திங்களன்று மீண்டும் வந்து உட்காரவேண்டும். பார்வையாளருக்கு அவர் பெயர் தெரியாது.

இனி வரவு செலவுக்கு வருவோம். முதல் பருவத்தில் பெரும்புகழ் அடைந்தவர் செவி சேஸ். இரண்டாம் பருவத்தின் தொடக்கத்திலேயே அவர் விலகினார். நிகழ்ச்சி முடிந்தது என்றனர் பலர். 1977 ஜனவரியில் பில் மர்ரி வந்தார். தொடக்கத்தில் அவர் எடுபடவில்லை. பார்வையாளரை நோக்கித் தம்மை ஆதரிக்கும்படி வேண்டிக்கொள்வதாகவே ஒரு காட்சியை அவர் நடிக்க நேர்ந்தது. ஆயினும் ஆலன் ஸ்வைபெல், ஆன் பீட்ஸ், ரோஸி ஷஸ்டர், அல் ஃபிராங்கன், டாம் டேவிஸ் முதலான எழுத்தாளர் குழு கலையாமல் இருந்தது. புதியவரின் குரல் எங்கே உயரும், எங்கே உடையும் என்று கேட்டுப் பழகி அவர்கள் எழுதினார்கள். சில மாதங்களில் மர்ரி அவ்வீட்டுப் பிள்ளையாகிவிட்டார்.

1980இல் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. நிகழ்ச்சியைத் தோற்றுவித்த லார்ன் மைக்கேல்ஸ் விலகினார். அவரோடு நடிகர்களும் எழுத்தாளர்களும் கூண்டோடு வெளியேறினார்கள். ஜீன் டுமேனியன் என்னும் அம்மையார் பொறுப்பேற்றுச் சில மாதங்களில் முற்றிலும் புதிய குழுவொன்றைத் திரட்டவேண்டியதாயிற்று. நவம்பரில் ஒளிபரப்பான முதல் நிகழ்ச்சியின் முதற்காட்சியிலேயே புதியவர்கள் தத்தம்மைப் பழைய நடிகர்களோடு ஒப்பிட்டு அறிமுகம் செய்துகொண்டார்கள். பிறந்த வீட்டுப் பெருமையை மாமியார் முன் பேசும் மருமகளைப்போல, ஒப்பீட்டுக்குத் தாமே இடம் கொடுத்தது பெரும்பிழை என்றே நாம் கருதுகிறோம். பன்னிரண்டு நிகழ்ச்சிகளோடு 1981 மார்ச்சில் அம்மையார் நீக்கப்பட்டார்.

அக்குழுவில் திறமையே இல்லை என்று சொல்ல இயலுமா? பத்தொன்பது வயதான எடி மர்ஃபி அதே குழுவில்தான் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எழுதுவார் இல்லை. அதனால் அவர் இருப்பதே தெரியவில்லை. 1981 ஜனவரியில் ஒருநாள் நிகழ்ச்சி சில நிமிடம் முன்னதாகவே முடியும் நிலை வந்தபோது, இடைவெளியை நிரப்ப அவரைத் தனியே மேடைக்கு அனுப்பினார்கள். அதன்பிறகே கண்கள் திறந்தன. பேரி பிளவுஸ்டீன், டேவிட் ஷெஃபீல்ட் என்னும் எழுத்தாளர் இருவர் அவருக்கென்றே எழுதத் தொடங்கினர். டிக் எபர்சால் பொறுப்பேற்று ஏறக்குறைய எல்லோரையும் மாற்றியபோதும் இம்மூவரும் எஞ்சினர். மர்ஃபியின் புகழ்பெற்ற பாத்திரங்கள் பலவற்றின் பின்னால் அவ்விருவரின் கை இருந்தது. மர்ஃபி 1984இல் வெளியேறித் திரையுலகில் மன்னரானபின், 1988இல் வந்த ‘கமிங் டு அமெரிக்கா’ திரைப்படத்தை எழுதியவர்களும் அவர்களே. நடிகர் விலகினார் என்று நாம் எழுதுகிறோம். உண்மையில் ஒரு கூட்டணியே அவ்வீட்டைக் காலி செய்தது.

எழுத்தாளரும் நடிகரும் ஒரே கூரையின்கீழ் இருந்தும் ஒருவரையொருவர் சென்றடையாமல் போன கதையும் உண்டு. 1982 முதல் 1985 வரை ஜூலியா லூயி-டிரைஃபஸ் இங்கே நடித்தார். பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 1984-85 பருவத்தில் லாரி டேவிட் இங்கே எழுத்தாளராக இருந்தார். ஆண்டு முழுவதும் எழுதியவற்றுள் ஒன்றே ஒன்றுதான் ஒளிபரப்பாயிற்று. ஒருநாள் அவர் சினம் பொறுக்காமல் தயாரிப்பாளரிடம் சென்று கடுஞ்சொல் கூறிப் பணியை உதறிவிட்டு வெளியேறினார். வீட்டுக்குப் போய் யோசித்தபின், திங்கட்கிழமை ஒன்றுமே நடவாததுபோல் வந்து தம் இருக்கையில் அமர்ந்துகொண்டாராம். ராஜினாமாக் கடிதத்தை மனத்துக்குள் நூறுமுறை எழுதிக் கிழித்த அரசு ஊழியர் எவரும் இவரைக் கைகூப்பி வணங்குவர். சில ஆண்டுகளில் இதே டேவிட் எழுத, இதே ஜூலியா நடிக்க, ‘சைன்ஃபெல்ட்’ என்னும் தொடர் அமெரிக்க நகைச்சுவையின் போக்கையே மாற்றியது. பணியை உதறிவிட்டுத் திங்களன்று திரும்பிவந்த நிகழ்ச்சியும் அத்தொடரில் ஒரு கதையாயிற்று. இரு விதைகளும் முதல் நிலத்திலேயே இருந்தன. அங்கே அவற்றை அருகருகே ஊன்றுவார் இல்லை.

1985இல் மைக்கேல்ஸ் திரும்பி வந்தார். வந்தவர் செய்த தவறு நமக்கு வியப்பூட்டுகிறது. ராபர்ட் டவுனி ஜூனியர், ஆந்தனி மைக்கேல் ஹால், ஜோன் கூசாக், ராண்டி குவெய்ட் எனத் திரைப்படத்தில் பெயர் பெற்றவர்களையும் பெறப்போகிறவர்களையும் கொண்டுவந்து நிறுத்தினார். இம்முறை எழுதுவோர் இருந்தனர்; பழையவர்களான ஃபிராங்கனும் டேவிஸும் ஜிம் டவுனியும் மீண்டிருந்தனர். எனினும் பதினேழு வயதுப் பையனையும் நடுவயதுத் திரைநடிகரையும் ஒரே காட்சியில் கணவன் மனைவி, தந்தை மகன், அதிகாரி சிப்பந்தி என்று மாற்றி மாற்றி அமர்த்த எந்தப் பேனாவாலும் இயலவில்லை. பருவத்தின் இறுதிக் காட்சியில் நடிகர்கள் இருக்கும் அறை தீப்பற்றி எரிவதாகவும், மைக்கேல்ஸ் ஜான் லோவிட்ஸ் ஒருவரை மட்டும் காப்பாற்றி அழைத்துச் செல்வதாகவும் காட்டினார்கள். எள்ளல் இதைவிடக் கொடிதாக இருக்க முடியாது. ஆட்குறைப்பு ஆணையை நாடகமாகவே நடிக்கச்செய்த முதலாளி உலகில் வேறு எவரும் உண்டோ அறியோம். அடுத்த பருவத்தில் டேனா கார்வி, பில் ஹார்ட்மன், ஜான் ஹூக்ஸ் என்னும் அம்மையார் ஆகியோர் வந்தனர். எவரும் திரை நட்சத்திரம் அல்லர். எப்பாத்திரத்தை எழுதிக் கொடுத்தாலும் உடுத்திக்கொள்ளத் தெரிந்தவர்கள். ஹார்ட்மன் தாமே திரைக்கதை எழுதியவர். பிறர் எழுத்தை ஏந்தி நிற்கும் பொறுமை அவரிடம் மிகுதி. நிகழ்ச்சி பிழைத்தது.

நம் கருத்துக்கு எதிராக ஒருவரை நிறுத்தலாம் என்று நாமே எண்ணினோம். அவர் கிறிஸ் ஃபார்லி. பருத்த உடல், கிழியும் குரல். 1993 மே மாதம் ஒளிபரப்பான ஒரு நாடகத்தில் அவர் ஊக்கவுரையாளராக வருகிறார். வழி தவறும் பிள்ளைகளைத் திருத்தப் பெற்றோர் அவரை அழைத்திருக்கிறார்கள். அவரோ ஆற்றங்கரையில் நிறுத்திய வேனில் குடியிருப்பவர். உழைக்காவிட்டால் நீங்களும் என்னைப்போல் ஆற்றங்கரை வேனுக்கு வந்து சேர்வீர்கள் என்பதே அவரது உபதேசத்தின் மொத்தச் சரக்கு. பிள்ளைகள் என்ன விடை சொன்னாலும் அவர் வேனுக்கே திரும்புகிறார். உச்சத்தில் தடுமாறி விழுந்து நடுவீட்டு மேசையை நொறுக்குகிறார். உடன் நடித்தவர்களே சிரிப்பை அடக்க மாட்டாமல் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். இஃது உடலின் வெற்றி, இங்கே எழுத்தாளருக்கு என்ன வேலை என்று நாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் விட்டோம். பின்னரே அறிந்தோம், அப்பாத்திரத்தை உருவாக்கி எழுதியவர் பாப் ஓடன்கர்க் என்று. ஃபார்லி சிகாகோவில் மேடைநடிகராக இருந்த நாளிலேயே அவருக்கென எழுதப்பெற்றது அது. மீண்டும் பார்த்தோம். தன் தோல்வியைத் தவிர வேறு தகுதி இல்லாத ஒருவர் அறிவுரை கூறவருகிறார். அத்தோல்வியைச் சொல்லச்சொல்ல அவர் குரல் உயர்கிறது. எழுதப்பட்ட வசனம் படிப்படியாக ஏற்றிச் சென்ற உச்சியிலிருந்துதான் அந்த உடல் விழுகிறது. உச்சி இல்லையேல் பருத்த மனிதர் ஒருவர் கால் இடறினார் என்பதோடு போயிருக்கும்.

நோட்டுப் புத்தகம் தொடங்கியதற்கு வேறொரு காரணம் உண்டு என்றோமே, அதனை இங்கே கூறுவது தகும். நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஆண்டுதோறும் நகைச்சுவை நாடகம் ஒன்று நடப்பதை அன்பர்கள் அறிவீர்கள். அதனை நெடுங்காலம் எழுதிவந்த பெரியவர் பணி ஓய்வு பெற்றுக் கும்பகோணம் போய்ச் சேர்ந்தார். அதே ஆண்டு, முதன்மை வேடம் பூண்டுவந்த நண்பருக்கும் மாற்றல் உத்தரவு வந்தது. வங்கியில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் முன்வந்து அவ்வேடத்தை ஏற்றார். நாடகத்தை நால்வர் கூடி அவசரத்தில் எழுதினோம். நாமும் அந்நால்வருள் ஒருவர். அரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. நம் செய்திமடலில் அந்நாடகத்தை மதிப்பிட்டு எழுதும் பொறுப்பும் நம்மிடமே வந்தது. பழைய நடிகரின் இடத்தை நிரப்பப் புதியவருக்கு நகையுணர்வு போதாது என்று எழுதினோம். வசனத்தைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. அவ்விளைஞர் அதன்பின் மேடை ஏறவில்லை. விழாக்களுக்கு வருகிறார், நாற்காலி அடுக்குகிறார், பந்தியில் பரிமாறுகிறார். மர்ஃபி ஓரத்தில் நின்ற அந்த முதல் மாதங்களைப் பற்றிப் படித்தபோது அவர் முகமே நம் கண்முன் வந்தது.

முகத்தைப் பழிப்பதும் முகத்தைப் புகழ்வதும் எளிது. 2013ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், கறுப்பினப் பெண் ஒருவர்கூட நடிகர் குழுவில் இல்லையே என்ற கண்டனம் பெரிதாக எழுந்தது. நவம்பரில் விருந்தினராக வந்த கெர்ரி வாஷிங்டன், ஒரே காட்சியில் அதிபரின் மனைவியாகவும் ஓப்ராவாகவும் ஓடி ஓடி உடை மாற்றி நடிக்க வேண்டியிருந்தது; தங்கள் குறையைத் தாங்களே எள்ளிக்கொண்டார்கள். 2014 ஜனவரியில் சஷீர் சமாட்டா நடிகையாகச் சேர்க்கப்பட்டார். செய்தித்தாள்கள் அதனைப் பெரிதாக வெளியிட்டன. நமக்கு அதனினும் பெரிதாகப் படுவது, அவரோடு கறுப்பினப் பெண் எழுத்தாளர்கள் இருவரும், லகெண்ட்ரா டூக்ஸ், லெஸ்லி ஜோன்ஸ், அதே வேளையில் சேர்க்கப்பட்டதே. முகத்தை மட்டும் கொண்டுவந்து நிறுத்தினால் அந்த முகம் என்ன பேசும் என்ற கேள்வியை, முப்பத்தெட்டு ஆண்டு கழித்தேனும் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஜோன்ஸ் அவ்வாண்டே நடிகர் குழுவுக்கும் மாறினார்.

தமிழ்நாட்டிலிருந்து தென் கரோலினா சென்று குடியேறிய பெற்றோரின் மகன் அஸீஸ் அன்சாரி 2017 ஜனவரி 21 அன்று இந்நிகழ்ச்சியின் விருந்தினராக நின்றபோது நம்மவர் பலர் பெருமிதம் கொண்டோம். பெருமிதத்துக்குரியதே. ஆயினும் விருந்தினர் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறவர். செவ்வாய் இரவில் விழித்திருக்கும் மேசையில் நம்மவர் எத்தனை பேர் என்பதையும் அன்பர்கள் எண்ணிப்பார்க்கலாம்.

டீனா ஃபே 1997இல் எழுத்தாளராக வந்து, 1999இல் பெண்களுள் முதல்வராகத் தலைமை எழுத்தாளர் ஆனார். அதன் பிறகே 2000இல் திரையில் தோன்றினார். அவர் தலைமையில் ஏமி போலர், மாயா ருடால்ஃப், ரேச்சல் டிராச் ஆகியோர் தோழியாகவும் தாயாகவும் வந்துபோகும் துணைப்பாத்திர நிலையைக் கடந்து முழு நாடகங்களைச் சுமந்தனர். மேசையில் யார் அமர்கிறார் என்பது மேடையில் யார் நிமிர்கிறார் என்பதை எவ்வாறு மாற்றும் என்பதற்கு நோட்டுப் புத்தகத்தில் இதைவிடத் தெளிவான பக்கம் இல்லை.

ஐம்பதாம் பருவம் முடிந்தபின் 2025இல் மீண்டும் பலர் விலகினர். ஹெய்டி கார்ட்னர், ஈகோ நுவோடிம் முதலானோர் சென்றனர். டிசம்பரில் போவன் யாங்கும் சென்றார். மகள் மீண்டும் வருந்தினாள். யாங் அவளுக்கு மிகவும் உவப்பானவர். அவர் 2018இல் எழுத்தாளராகச் சேர்ந்து ஓராண்டு மேசையில் இருந்தபின்பே திரைக்கு வந்தார் என்று சொன்னோம். அவள் நம்பவில்லை, தேடிப் பார்த்துவிட்டு, “ஆமாம்ப்பா” என்றாள். பிறகு, அவர் நடித்த நாடகங்களுள் அவர் எழுதியவை எவை என்று கேட்டாள். கைப்பேசியில் அவள் பார்க்கும் துண்டுகளில் எழுதியவர் பெயர் வருவதில்லை. இருவரும் சேர்ந்து தேடிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வாண்டுப் பொங்கல் நாடகத்தை எழுதப்போவது யார் என்று சங்கச் செயலாளரைக் கேட்டிருக்கிறோம். வங்கி நண்பருக்கென ஒரு பாத்திரத்தை எழுதியும் வைத்திருக்கிறோம். அவரிடம் இன்னும் காட்டவில்லை.

ஐம்பத்தோராம் பருவத்தில் புதிய நடிகர்களாக வந்த ஐவருள் பென் மார்ஷல் என்பவர் 2021 முதல் அங்கே எழுதிவந்தவர். நோட்டுப் புத்தகத்தில் அவர் பெயரை இடப்பக்கத்தில் சேர்த்துக்கொண்டோம். வலப்பக்கத்தில் இருந்ததை அடிக்கவில்லை.